பதவியும் வணிகமும்: டச்சு அரசியலார் ஹென்ட்ரிக்கஸ் கோலைன் – ஓர் ஆய்வு

முன்னுரை

வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். ஒருவரை ஆராய்ந்து நம்புதல் முன்னது; நம்பியவரின் திறனறிந்து அவரிடம் வினையை ஒப்படைத்தல் பின்னது. அமைச்சரைப் பற்றிக் கூறுமிடத்தில் 'வினைத்தூய்மை' என்றும் ஓர் அதிகாரம் வகுத்தார். செயல் வெற்றி பெற்றால் மட்டும் போதாது. அது தூயதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அவர் உள்ளக்கிடக்கை.

நாட்டின் பொறுப்பை ஏற்றிருந்த ஒருவர் பின்னர் ஒரு பெரிய வணிக நிறுவனத்தின் பொறுப்பை ஏற்பாராயின், இந்த மூன்று அதிகாரங்களும் ஒருசேர நினைவுக்கு வருகின்றன. அரசுப் பணியில் இருந்தபோது அவர் பெற்ற அறிவு யாருடைய உடைமை? பெற்றவருடையதா? அதைப் பெறுவதற்குச் செலவிட்ட மக்களுடையதா? அவ்வறிவை விலைக்கு வாங்கும் நிறுவனத்தினுடையதா? இவ்வினாவுக்கு விடை தேடுவோர்க்கு நெதர்லாந்து நாட்டின் தலைமை அமைச்சராக ஐந்து அமைச்சரவைகளுக்குத் தலைமை தாங்கிய ஹென்ட்ரிக்கஸ் கோலைனின் வாழ்க்கை சிறந்த சான்றாக அமைகின்றது. படை அலுவலர், நாடாளுமன்ற உறுப்பினர், போர் அமைச்சர், எண்ணெய்க் கம்பெனி இயக்குநர், நிதியமைச்சர், தலைமை அமைச்சர் எனப் பல நிலைகளைக் கடந்த அவர் வாழ்வை அந்த வினாவை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் வளர்ப்பும்

கோலைன் 1869-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 22-ஆம் நாள் பிறந்தார். அவர் பிறந்த ஊர் ஹார்லெம்மர்மீர் பகுதியிலுள்ள புர்கர்ஃபேன் என்னும் சிற்றூர். ஹார்லெம்மர்மீர் என்பது ஒருகாலத்தில் ஆம்ஸ்டர்டாமுக்கு அருகில் பரந்து கிடந்த ஏரி. நீராவி இயந்திரங்களைக் கொண்டு நீரை இறைத்து, 1852-ஆம் ஆண்டில் அந்த ஏரியை நிலமாக்கினர். அவ்வாறு உருவான புதுநிலத்தில் குடியேறிய உழவர் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அக்குடும்பத்தினர் கால்வினியக் கிறித்தவ நெறியில் உறுதியான பற்றுடையவர்கள். உழைப்பு, சிக்கனம், கட்டுப்பாடு ஆகியவை அவர்கள் வீட்டில் நாள்தோறும் பயிலப்பட்ட பாடங்கள்.

ஆசிரியப் பணிக்கென முதலில் பயின்ற இளைஞர், பின்னர்ப் படைப்பயிற்சியை நாடி காம்பென் நகருக்குச் சென்றார். செல்வமோ செல்வாக்கோ இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அலுவலர் தகுதி பெற அக்காலத்தில் திறந்திருந்த வழிகளுள் அதுவும் ஒன்று. 1892-இல் அவர் துணை அலுவலரானார். அடுத்த ஆண்டில் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளுக்கு, அதாவது இன்றைய இந்தோனேசியாவுக்குக் கப்பலேறினார். தம் முயற்சியால் முன்னேறியவர் என்று பிற்காலத்தில் அவரைப் போற்றியோர் கூறியது முற்றிலும் உண்மை. ஆயினும் அம்முன்னேற்றம் எந்த மண்ணில், எவர் இழப்பில் நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே காணவேண்டும்.

லொம்போக் போரும் ஒரு கடிதமும்

பாலித் தீவுக்குக் கிழக்கே லொம்போக் தீவு உள்ளது. அங்கு வாழும் சசாக் மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர்களைப் பாலியைச் சேர்ந்த இந்து அரச மரபினர் ஆண்டுவந்தனர். 1891-இல் சசாக் மக்கள் கிளர்ந்தெழுந்து டச்சுக்காரரின் உதவியை நாடினர். அவ்வழைப்பையே வாய்ப்பாகக் கொண்டு டச்சு அரசு 1894-இல் படை அனுப்பியது. ஆகஸ்டு மாதத்தில் அப்படை இரவில் தாக்கப்பட்டுப் பேரிழப்பை அடைந்தது. படைத்தலைவர்களுள் ஒருவரான வான் ஹாம் உயிரிழந்தார். நவம்பரில் டச்சுப் படை திரும்பி வந்து மத்தாரம், சக்ரநெகரா ஆகிய நகரங்களை அழித்தது. அரண்மனையிலிருந்த பொன்னும் வெள்ளியும் மூட்டைகளாகக் கொண்டு செல்லப்பட்டன. அச்செல்வத்தின் ஒரு பகுதி 1977-லும் மற்றொரு பகுதி 2023-லும் இந்தோனேசியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டது.

இப்போரில் இளம் அலுவலராகப் பங்கேற்ற கோலைன், வீரத்துக்கென நெதர்லாந்து வழங்கும் மிக உயரிய வில்லியம் விருதைப் பெற்றார். அக்காலத்தில் அவர் தம் மனைவிக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. உயிர்ப்பிச்சை கேட்டு நின்ற ஒன்பது பெண்களையும் மூன்று குழந்தைகளையும் ஒன்றாக நிறுத்திச் சுட்டுக் கொல்லச் செய்ததை அதில் அவரே எழுதியுள்ளார். அது விரும்பத்தகாத வேலை என்றும் வேறு வழி இருக்கவில்லை என்றும் அவர் தமக்குத் தாமே அமைதி கூறிக்கொள்கிறார். வரலாற்றாசிரியர் ஹெர்மன் லாங்கெஃபெல்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதி 1998-இல் வெளிவந்தபோதுதான் இக்கடிதத்தை டச்சு மக்கள் பரவலாக அறிந்தனர். போர் நிகழ்ந்து நூறு ஆண்டுகளுக்கு மேலும், அவர் மறைந்து ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் கடந்த பின்னரே இவ்வுண்மை மக்கள்முன் வந்தது. அதுவரை அவர்கள் அறிந்திருந்தது மார்பில் ஒளிர்ந்த விருதை மட்டுமே. ஒருவரின் வாழ்க்கையை விருதுகளைக் கொண்டு மட்டும் அளந்துவிடலாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆச்சேயில் பெற்ற அறிவு

சுமத்திராவின் வடமுனையிலுள்ள ஆச்சே நம்மவர்க்கு அயலான பெயரன்று. சோழமண்டலக் கடற்கரை முஸ்லிம் வணிகர்கள் துணிகளை ஏற்றிக்கொண்டு பல நூற்றாண்டுகள் சென்றுவந்த துறைமுகம் அது. அந்த ஆச்சே சுல்தானகத்தின்மீது டச்சு அரசு 1873-இல் போர் தொடுத்தது. எளிதில் முடியும் என எண்ணித் தொடங்கிய போர் தலைமுறை கடந்து நீண்டது.

படைவலிமையால் இயலாததை அறிவின் துணைகொண்டு முடிக்க டச்சு அரசு முனைந்தது. அதற்குத் துணைநின்றவர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே என்னும் அறிஞர். அரபு மொழியிலும் இஸ்லாமியச் சட்டத்திலும் ஆழ்ந்த புலமை பெற்ற இவர் 1884, 1885-ஆம் ஆண்டுகளில் அரபு நாட்டுக்குச் சென்று, அப்துல் கஃப்பார் என்ற பெயருடன் மக்காவில் தங்கியவர். ஆச்சே மக்களைப் பற்றி இரண்டு தொகுதிகள் கொண்ட விரிவான நூலை எழுதினார். அப்புலமை ஆட்சியாளரின் கருவியாயிற்று. சமயத் தலைவர்களான உலமாக்களைக் கடுமையாக ஒடுக்குக, குறுநிலத் தலைவர்களைத் தம்வயப்படுத்துக என்பதே அவர் வழங்கிய அறிவுரையின் சாரம். இதனைப் படைத்தலைவர் வான் ஹொய்ட்ஸ் செயற்படுத்தினார். 1898 முதல் 1904 வரை ஆச்சேயின் ஆளுநராக இருந்த அவருடைய நம்பிக்கைக்குரிய அலுவலர்களுள் ஒருவராகக் கோலைன் உயர்ந்தார்.

1899-இல் தலைவர் தெயுக்கு உமர் போரில் மாண்டார். 1903-இல் ஆச்சே சுல்தான் சரணடைந்தார். 1904-இல் வான் டாலன் தலைமையில் கயோ, ஆலாஸ் மலைநாடுகளுக்குச் சென்ற படை ஏறத்தாழ 3,000 பேரைக் கொன்றது; அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மிகப் பலர். அதே ஆண்டில் சுமத்திராவின் மற்றொரு பகுதியான ஜம்பியின் சுல்தான் தாஹா டச்சுப் படையினரால் கொல்லப்பட்டார். ஜம்பி என்னும் இப்பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் அது மீண்டும் வருகின்றது.

1904-இல் வான் ஹொய்ட்ஸ் தீவுகள் அனைத்துக்கும் தலைமை ஆளுநரானார். அவருடைய துணைவராகக் கோலைன் ஜாவாவுக்கு அப்பாலுள்ள தீவுகளின் நிருவாகத்தைக் கவனித்தார். 'குறும்பிரகடனம்' எனப்பட்ட ஆவணம் அந்நாளில் பரவலாகப் பயன்படுத்தப்பட்டது. மூன்றே கூறுகளைக் கொண்ட அவ்வாவணத்தில் கையொப்பமிட்ட குறுநில மன்னர், டச்சு மேலாண்மையை ஏற்பதாகவும், அயல்நாடுகளோடு தொடர்பு கொள்வதில்லை எனவும், இடப்படும் கட்டளைகள் அனைத்துக்கும் பணிவதாகவும் ஒப்புக்கொண்டார். எந்தத் தீவில் எந்தத் தலைவர் வலியவர், எந்த மண்ணில் என்ன வளம் உள்ளது, எங்குப் பாதை அமையும், எங்கு எதிர்ப்பு எழும் என்பன யாவும் கோலைனுக்குத் தெரிந்திருந்தன. வெளித்தீவுகளின் நிருவாகம் பற்றி அவர் மிக விரிவான அறிக்கையொன்றும் எழுதினார். அவ்வறிவு அரசுச் செலவிலும் அத்தீவு மக்களின் குருதியிலும் பெறப்பட்டதாகும்.

அரசியல் மேடை

1909-இல் தாயகம் திரும்பிய கோலைன், ஸ்நேக் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் சார்ந்தது 1879-இல் ஆபிரகாம் கைப்பர் நிறுவிய 'புரட்சி எதிர்ப்புக் கட்சி'. பிரெஞ்சுப் புரட்சியின் கொள்கைகளுக்கு மாற்றாக, இறைநம்பிக்கையை அரசியலின் அடித்தளமாகக் கொள்வதால் அக்கட்சி இப்பெயர் பெற்றது. இரண்டே ஆண்டுகளில், 1911-இல், அவர் போர் அமைச்சரானார். படையமைப்பைச் சீர்திருத்திக் கட்டாயப் படைச்சேவையை விரிவாக்கினார். 1914-இல் ஐரோப்பாவில் பெரும்போர் மூண்டபோது நடுநிலை காத்த நெதர்லாந்து தன் படைகளை விரைந்து திரட்ட முடிந்தமைக்கு அச்சீர்திருத்தங்களும் உதவின. 1913-இல் அமைச்சரவை பதவி விலகியது. அப்போது கோலைனுக்கு வயது நாற்பத்து நான்கு.

எண்ணெய்க் கம்பெனியின் இயக்குநர்

1914-இல் கோலைன் பட்டாவியப் பெட்ரோலியக் கம்பெனியின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். இந்நிறுவனத்தின் பின்புலத்தைச் சுருக்கமாகக் காண்பது இன்றியமையாதது.

வடசுமத்திராவின் லங்காட் பகுதியில் 1885-இல் எண்ணெய் கிடைத்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1890-இல் ராயல் டச்சுக் கம்பெனி தோன்றியது. சில ஆண்டுகளில் லங்காட்டின் கிணறுகளில் உப்புநீர் ஊறத் தொடங்கவே கம்பெனி நலிவுற்றது. அந்நிலையில் அதற்கு மறுவாழ்வு தந்தது ஆச்சேயின் பெர்லாக் பகுதியில் 1899-ஆம் ஆண்டின் இறுதியில் கிடைத்த எண்ணெய். ஆச்சேயில் போர் நடந்துகொண்டிருந்த காலமே அது என்பது கருதத்தக்கது. ஹென்றி டெட்டர்டிங்கின் தலைமையில் ராயல் டச்சு 1907-இல் இங்கிலாந்தின் ஷெல் கம்பெனியுடன் இணைந்தது. பங்கு அறுபதுக்கு நாற்பது, பெரும்பங்கு டச்சுக்காரருடையது. அக்கூட்டமைப்பில் எண்ணெய் எடுத்தலையும் சுத்திகரித்தலையும் கவனிக்கத் தி ஹேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டு அமைந்ததே பட்டாவியப் பெட்ரோலியக் கம்பெனி.

எண்ணெய் பற்றிய தொழில்நுட்பம் கோலைனுக்குத் தெரியாது. பின் எதற்காக ஒரு போர் அமைச்சரை இந்நிறுவனம் நாடியது? 1899-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின்படி, தீவுகளில் எண்ணெய் எடுக்க அரசின் உரிமம் வேண்டும். நிலம் யாருடையதாயினும் அதன் அடியிலுள்ள கனிமம் அரசின் பொறுப்பில் இருந்தது. ஆகவே எண்ணெய் வணிகத்தில் வெற்றிபெறக் கிணறு தோண்டத் தெரிந்த பொறியாளர் போதாது. அமைச்சகங்களின் நடைமுறை அறிந்தவரும், தீவுகளின் நிருவாகிகளை அறிந்தவரும், நாடாளுமன்றத்தில் பழகியவரும் வேண்டும். இம்மூன்று தகுதிகளும் ஒருங்கே அமைந்தவர் கோலைன். நிறுவனம் அவரிடமிருந்து பெற விரும்பியது பொதுப்பணியில் அவர் ஈட்டிய அனுபவத்தையே எனலாம்.

கோலைன் அரசியலைத் துறந்து வணிகத்துக்குச் சென்றார் என்று கூறுவதுகூட முழுமையாகப் பொருந்தாது. 1914 முதல் 1920 வரை அவர் நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினராகவும் விளங்கினார். ஒரு கையில் கம்பெனியின் கணக்கும் மறு கையில் நாட்டின் சட்டமும் இருந்தன. அந்நாளைய விதிகள் இதனைத் தடுக்கவில்லை. பலரும் குறையாகக் கருதவுமில்லை. தி ஹேக்கிலும் லண்டனிலும் பணியாற்றிய அவர், பெரும்போர்க் காலத்திலும் அதனை அடுத்தும் எண்ணெயின் தேவை பெருகிய அவ்வாண்டுகளில் பெருஞ்செல்வரானார். உழவர் வீட்டுப் பிள்ளை நாட்டின் செல்வர் வரிசையில் இடம்பெற்றார்.

ஜம்பி எண்ணெய்

முன்னர்க் குறிப்பிட்ட ஜம்பி இங்கு மீண்டும் வருகின்றது. சுல்தான் தாஹா கொல்லப்பட்ட அந்நிலத்தின் அடியில் எண்ணெய் உண்டெனத் தெரியவந்தது. அதனை யார் எடுப்பது என்பது பற்றி நெதர்லாந்தில் பல்லாண்டுகள் விவாதம் நடந்தது. அரசே எடுக்கவேண்டும் என்றனர் சிலர். தனியார் எடுக்கட்டும் என்றனர் சிலர். அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியும் தனக்கு வாய்ப்பு வேண்டுமெனக் கோரியது. முடிவில் 1921-இல் சட்டமொன்று நிறைவேறியது. அதன்படி அரசும் பட்டாவியப் பெட்ரோலியக் கம்பெனியும் சரிபாதிப் பங்குடைய கூட்டு நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு அக்கம்பெனியிடம் விடப்பட்டது. ஸ்டாண்டர்டு ஆயில் விலக்கப்பட்டமைக்கு அமெரிக்க அரசு எதிர்ப்புத் தெரிவித்தது.

ஆய்வாளர் இவ்விடத்தில் நடுநிலை பிறழாதிருத்தல் வேண்டும். சட்டம் நிறைவேறிய 1921-இல் கோலைன் மேலவை உறுப்பினர் அல்லர், அமைச்சரும் அல்லர். அயல்நாட்டு நிறுவனத்தை விட உள்நாட்டு நிறுவனமே மேல் என்று டச்சு நாடாளுமன்றம் கருதியதற்குப் பிற காரணங்களும் இருந்தன. எனவே கோலைன் ஒருவராலேயே இது நிகழ்ந்தது எனத் துணிவது பொருந்தாது. ஆனால் இம்முடிவின் மறுபக்கத்தையும் காணவேண்டும். படை சென்று ஜம்பியை அடக்கிய காலத்தில் வெளித்தீவுகளின் நிருவாகத்தில் பங்கேற்றவர், அம்மண்ணின் எண்ணெயைப் பெற்ற நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார். அம்முடிவைப் பற்றிய விவாதத்தில் தி ஹேக் இருந்தது, லண்டன் இருந்தது, வாஷிங்டனும் இருந்தது. ஜம்பி மக்கள் மட்டும் இடம்பெறவில்லை. அவர்கள் கருத்தை எவரும் கேட்கவில்லை. குற்றம் என எந்த வழக்குமன்றமும் தீர்ப்பளிக்க இயலாத இந்நிகழ்வில் நீதி எங்கே இருந்தது என்பதே நம் சிந்தனைக்குரியது.

மீண்டும் ஆட்சிப்பீடம்

1920-இல் கைப்பர் மறைந்தார். அவர் கட்சியின் தலைமை கோலைனிடம் வந்தது. 1922-இல் எண்ணெய்ப் பணியை விட்டு அவர் நாடாளுமன்றம் திரும்பினார். பெருவருவாயைத் துறந்து நாட்டுப்பணிக்கு மீண்டவர் எனக் கட்சியினர் அவரைப் பாராட்டினர். 1923-இல் நிதியமைச்சரானார். வரவுக்கு மேல் செலவு செய்யும் அரசின் கணக்கை வணிகரின் கண்கொண்டு நோக்கிச் செலவுகளைக் கடுமையாகக் குறைத்தார். 1925-இல் இங்கிலாந்தோடு ஒத்த காலத்தில் டச்சு நாணயமான கில்டர் பொன் அடிப்படைக்குத் திரும்பியது. அவ்வாண்டு அவர் முதன்முறையாகத் தலைமை அமைச்சரானார். அந்த அமைச்சரவை சில மாதங்களே நீடித்தது.

1933-இல் அவருடைய மறுவருகை நிகழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. பிப்ரவரியில் ஆச்சேயின் ஊலேலே துறைமுகத்தில் நின்ற 'ஏழு மாநிலங்கள்' என்னும் போர்க்கப்பலில் ஊதியக் குறைப்பை எதிர்த்து இந்தோனேசிய, டச்சு மாலுமிகள் கிளர்ந்தெழுந்து கப்பலைக் கைப்பற்றினர். வானூர்தியிலிருந்து வீசப்பட்ட குண்டால் 23 பேர் மாண்டனர். அச்சம் பரவிய அச்சூழலில், கடுமையான நடவடிக்கையை ஆதரித்த கோலைன் வலிமையின் உருவாகத் தோன்றினார். ஏப்ரல் தேர்தலின்போது கப்பலின் சுக்கானைப் பற்றிநிற்கும் மீகாமனாக அவரைச் சித்திரித்த சுவரொட்டிகள் நாடெங்கும் ஒட்டப்பட்டன. கட்சியின் இடங்கள் 12-இலிருந்து 14 ஆயின. கூட்டணி அமைத்து அவர் தலைமை அமைச்சரானார். குடியேற்ற நாட்டமைச்சர் பொறுப்பையும் 1937 வரை தாமே வைத்துக்கொண்டார்.

அப்போது பட்டாவியாவில் தலைமை ஆளுநராக வீற்றிருந்தவர் டி ஜோங்கே. அவரும் 1917, 1918-ஆம் ஆண்டுகளில் போர் அமைச்சராக இருந்தவர். பின்னர் அதே எண்ணெய்க் கூட்டமைப்பில் பணியாற்றியவர். 1931-இல் ஆளுநராகச் சென்றவர். ஆக 1933 முதல் 1936 வரை தீவுகளின் ஆட்சிக்கு தி ஹேக்கில் பொறுப்பாக இருந்தவரும் பட்டாவியாவில் பொறுப்பாக இருந்தவரும் முன்னாள் போர் அமைச்சர்களே; இருவரும் எண்ணெய்க் கம்பெனியிலிருந்து வந்தவர்களே. இக்காலத்தில்தான் சுகர்ணோ கைது செய்யப்பட்டு ஃபுளோரஸ் தீவுக்கு அனுப்பப்பட்டார். டச்சு அரசின் கீழேயே பத்தாண்டுகளில் தன்னாட்சி பெறுவது பற்றிக் கலந்துபேச வேண்டுமென 1936-இல் பட்டாவியா மக்கள் மன்றம் அனுப்பிய மிதமான வேண்டுகோள், கோலைன் தலைமை அமைச்சராக இருந்த 1938-இல் மறுக்கப்பட்டது. தீவுகளின்மீது டச்சு ஆட்சி மலைபோல் நிலைபெற்றது என்பதே அவர் கொண்டிருந்த உறுதியான எண்ணம்.

கணக்கும் மக்களும்

தாயகத்திலும் அவருடைய உறுதி மக்களைச் சோதித்தது. இங்கிலாந்து 1931-இல் பொன் அடிப்படையைக் கைவிட்டது. பெல்ஜியம் 1935-இல் தன் நாணய மதிப்பைக் குறைத்தது. கோலைனோ கில்டரின் பொன்மதிப்பைக் காப்பது நாட்டின் நாணயத்தைக் காப்பது எனக் கருதினார். விளைவாக டச்சுப் பொருள்கள் உலகச் சந்தையில் விலை மிகுந்தவையாயின, ஏற்றுமதி சுருங்கியது, ஊதியமும் உதவித்தொகையும் குறைக்கப்பட்டன. 1934 ஜூலையில் வேலையற்றோர் உதவித்தொகை குறைக்கப்பட்டபோது ஆம்ஸ்டர்டாமின் ஜோர்டான் பகுதியில் ஏழை மக்கள் தெருவில் திரண்டனர். துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தனர். இறுதியில் 1936 செப்டம்பரில், பிற நாடுகள் எல்லாம் விலகிய பின்னரே, நெதர்லாந்தும் பொன் அடிப்படையைக் கைவிட்டது. அதன்பின் பொருளாதாரம் மெல்லத் தளிர்த்தது.

கம்பெனிக்குக் கணக்கு நேராக இருந்தால் போதும். செலவைக் குறைத்தால் இலாபம் உயரும். நாட்டில் ஒருவருக்குச் செலவாகத் தோன்றுவது மற்றொருவருக்கு உணவு. இவ்வேறுபாட்டை வணிக அனுபவம் தானாகக் கற்பிப்பதில்லை. கோலைனின் நேர்மையை ஐயுறாதவர்கள்கூட இக்குறையை மறுப்பதில்லை.

இறுதிக் காலம்

1939 ஜூலையில் அவருடைய ஐந்தாவது அமைச்சரவை வீழ்ந்தது. 1940 மே மாதத்தில் செருமனி நெதர்லாந்தைக் கைப்பற்றியது. அடுத்த சில வாரங்களில், செருமனியின் மேலாண்மையை நடைமுறை உண்மையாக ஏற்கவேண்டியிருக்கும் என்னும் கருத்துப்பட அவர் எழுதிய சிறுநூல், அவரை நம்பியோரைத் திகைக்க வைத்தது. விரைவில் அவர் தம் நிலையை மாற்றிக்கொண்டு, ஆக்கிரமிப்பாளரை எதிர்க்குமாறு கட்சியினரைத் திரட்டினார். 1941 ஜூன் 30-ஆம் நாள் செருமானியர் அவரைக் கைது செய்தனர். செருமனியின் இல்மனாவ் என்னும் மலையூரில் காவலில் வைக்கப்பட்ட அவர், 1944 செப்டம்பர் 18-ஆம் நாள் அங்கேயே காலமானார். ஓராண்டு நிறைவதற்குள், 1945 ஆகஸ்டு 17-ஆம் நாள், இந்தோனேசியா விடுதலையை அறிவித்தது. அசையாது என அவர் எண்ணிய மலை அசைந்தது.

இன்றைய நிலை

கோலைனுக்குப் பின்னும் இவ்வழியில் சென்றோர் உளர். 1994 முதல் 2002 வரையும் மீண்டும் 2003 முதல் 2007 வரையும் நெதர்லாந்தின் நிதியமைச்சராக இருந்த கெரிட் சால்ம், பின்னர் ஒரு தனியார் வங்கியிலும், அதனை அடுத்து அரசுடைமையாக்கப்பட்ட ஏ.பி.என். ஆம்ரோ வங்கியின் தலைவராகவும் பணியாற்றினார். ஐரோப்பிய ஆணையத்தில் 2014 வரை உறுப்பினராக இருந்த நேலி குரூஸ், 2016-இல் ஊபர் நிறுவனத்தின் ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார். இவை யாவும் ஒரே தன்மையின அல்ல. நலிந்த வங்கியை நாட்டின் பொருட்டு நிமிர்த்துவதும், அரசின் விதிகளைத் தளர்த்த விரும்பும் நிறுவனத்துக்கு ஆலோசனை கூறுவதும் வேறு வேறு. எனினும் இவ்விரு பணிகளுக்கும் இடையே ஒரு கால இடைவெளி வேண்டும் என்ற கருத்து வலுப்பெற்றுள்ளது. ஐரோப்பிய ஆணையம் 2018-இல் வகுத்த நடத்தை விதிகளின்படி, விலகிய உறுப்பினர்க்கு ஈராண்டும் தலைவர்க்கு மூன்றாண்டும் கட்டுப்பாடுகள் நீடிக்கின்றன. கோலைன் காலத்தில் இத்தகைய வேலி எதுவும் இல்லை.

முடிவுரை

கோலைனின் வாழ்க்கை ஆற்றலுக்கும் உழைப்புக்கும் எடுத்துக்காட்டு, அதில் ஐயமில்லை. பொதுப்பணியிலிருந்தவர் வணிகத்துக்குச் செல்லலாகாது என்று கூறுவதும் இக்கட்டுரையின் கருத்தன்று. வணிகம் இழிதொழிலன்று, அனுபவம் பெற்றோர் எங்குச் சென்றாலும் அவ்வனுபவம் உடன்செல்வது இயல்பே. ஆயினும் மூன்று உண்மைகள் அவர் வாழ்விலிருந்து தெளிவாகின்றன. பதவியில் பெற்ற அறிவு மக்களின் செலவில் பெறப்பட்டது. ஆதலின் அதனை மக்களுக்கு எதிராகப் பயன்படுத்தலாகாது. ஒரே காலத்தில் இரு தலைவர்க்குப் பணிசெய்பவர், யாருக்காகப் பேசுகிறார் என்பதை வெளிப்படையாகக் கூறவேண்டும். முடிவெடுக்கும் அவையில் யார் அமர்ந்திருந்தனர் என்பதோடு, யார் அமரவில்லை என்பதையும் வரலாறு எழுதுவோர் குறித்துவைக்க வேண்டும்.

இக்கல்லூரியில் பயிலும் மாணவர்களுள் சிலர் நாளை அரசு அலுவலர்களாவர். சிலர் நிறுவனங்களை நடத்துவர். சிலர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்வர். அவர்கள் கடக்கும் ஒவ்வொரு வாயிலிலும் ஒரு வினா காத்திருக்கும்: கையில் கொண்டு செல்வது தம் உடைமையா, பிறர் நம்பி ஒப்படைத்ததா? லொம்போக்கில் எழுதப்பட்ட ஒரு கடிதம் நூறாண்டு கழித்து உலகின்முன் வந்தது. நாம் விட்டுச்செல்லும் ஏடுகளும் ஒருநாள் திறக்கப்படும். அன்று அவற்றைப் படிப்போர் நம் பதவிகளின் பட்டியலை மட்டும் பார்க்கமாட்டார்கள் என்பதை இன்றே உணர்ந்து நடப்போமாக.